முழவின் மண்ணும் மிருதங்கத்தின் சோறும்: அதிர்வியல் நோக்கில் ஒரு விளக்கம்

பொருநராற்றுப்படை முழவைக் குறிக்கும்போது அதன்கண் இட்ட மண்ணையும் சேர்த்தே சொல்கிறது. உரை மரபு இதற்கு மார்ச்சனை எனப் பொருள் கொள்ளும். இலக்கிய வாசிப்பில் இம்மண் பெரும்பாலும் கருவியின் தோற்றத்தைக் காட்டும் அடையாகக் கருதப்பட்டுக் கடந்துவிடப்படுகிறது. அது ஒலியைப் பற்றிய தொழிற்சொல் என்பதே இக்கட்டுரையின் கருத்து. அதனை விளக்க இன்றைய மிருதங்கம் துணைசெய்கிறது.

வீணைத் தந்தியை மீட்டினால் அது முழுநீளமாகவும், இரண்டு, மூன்று, நான்கு கூறுகளாகவும் ஒரே வேளையில் அதிர்கிறது. அவற்றின் அதிர்வெண்கள் 1:2:3:4 என முழுஎண் விகிதத்தில் அமைவதால் செவி அவற்றை ஒரே சுரமாக ஏற்கிறது. வட்டமாக இழுத்துக் கட்டிய தோலோ அவ்வாறு அதிர்வதில்லை. அதன் விகிதங்கள் 1, 1.59, 2.14, 2.30, 2.65 எனச் செல்லும். பூச்சில்லாத பறையில் முழக்கம் மிகுந்தும் தெளிந்த சுருதி தோன்றாமைக்கு இதுவே காரணம். (இது பறையின் குறையன்று, அதன் பணி வேறு.)

மிருதங்கத்தின் வலந்தலையில் கருநிறக் கற்பொடியும் சோற்றுப்பசையும் கலந்த கலவையைப் படலம் படலமாக இட்டுத் தேய்ப்பர். தொழில் வழக்கில் இதற்குச் சோறு, கரணை என்பன பெயர்கள். நடுவில் ஏறிய இவ்வெடை, நடுப்பகுதி மிகுதியாக அசையும் முதல் அதிர்வையே பெரிதும் தாழ்த்துகிறது. விட்டத்தின் குறுக்கே கணுக்கோடு அமையும் அதிர்வுகளில் நடுப்பகுதி அவ்வளவாக அசைவதில்லை. எனவே அவை குறைவாகவே தாழ்கின்றன. இதனால் 1.59 என்னும் விகிதம் 2-ஐ நெருங்குகிறது, 2.14, 2.30 ஆகிய இரண்டும் 3 என்னும் இடத்தில் ஒன்றுகூடுகின்றன. இவ்வுண்மையைச் சர் சி. வி. இராமன் 1920-இல் சிவகாளி குமாருடன் இணைந்து ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டார், 1934-இல் விரித்தெழுதினார். தோலின்மீது நுண்மணல் தூவிக் கணுக்கோடுகளைக் கண்ட அவர், ஒன்பது அதிர்வு வகைகள் ஐந்து ஒத்திசைச் சுரங்களாகத் தொகுவதை நிறுவினார். கணக்கு வருமுன்பே இதனைச் செவியாலும் கையாலும் கண்டடைந்தவர்கள் கருவி செய்வோர் என்பதை இசை வரலாறுகள் போதிய அளவு பதிவுசெய்யவில்லை.

வாசிப்போரும் இவ்வதிர்வுகளைப் பிரித்தாள்கின்றனர். ‘நம்’ என்னும் சொல்லுக்கு மோதிரவிரல் சோற்றின் ஓரத்தை மெல்லத் தொட்டிருக்க, ஆள்காட்டி விரல் விளிம்பில் தட்டும். தொட்ட இடம் கணுவாகிவிட, முதல் அதிர்வு அடங்கி இரண்டாவது மேலோங்கும்.

இனி, சங்கப் பாடலின் மண்ணை வலந்தலைச் சோற்றுக்கு நேராக வைப்பது பொருந்துமா? சோறு நிலையானது, விகிதத்தை ஒழுங்குபடுத்துவது. இடப்புறத் தொப்பியில் வாசிக்குமுன் இட்டுப் பின் நீக்கும் ரவைப்பசையோ தோலுக்கு எடையூட்டிச் சுருதியைத் தாழ்த்துவது. ஈரமண்ணும் உலர்ந்தால் எடை குறையும், ஒலி மாறும், மீண்டும் இட வேண்டியிருக்கும். ஆதலின் முழவின் மண்ணுக்குத் தொப்பியின் பூச்சே நெருங்கிய உறவு எனக் கொள்ளலாம். மார்ச்சனை என்னும் உரைச்சொல்லையும் அலங்காரமாகவன்றிச் சுருதி சேர்க்கும் வினையாகவே பொருள்கொள்ள இடமுண்டு.