நீரிழிவும் இளம்பருவமும்

நோயின் பெயரிலிருந்தே இக்கட்டுரையைத் தொடங்குவது தமிழ்த்துறை மலருக்குப் பொருந்தும். நீரிழிவு என்னும் சொல்லில் உள்ள 'இழிவு' என்பதற்குக் கீழ்மை எனப் பொருள் கொள்வோர் உளர். அது பொருந்தாது. இழிதல் என்பது இறங்குதல், கீழ்நோக்கி ஒழுகுதல். மலையினின்று அருவி இழியும் என்பது பழந்தமிழ் வழக்கு. ஒகேனக்கல்லில் காவிரி இழிவதைக் காணாத மாணவர் நம் மாவட்டத்தில் அரியர். உடலினின்று நீர் அடங்காது இழிதலின் நோய் இப்பெயர் பெற்றது. 'ஊடே கடந்து செல்வது' என்னும் பொருளில் கிரேக்கர் இட்ட பெயரும் ஏறக்குறைய இதனையே சுட்டும். வடமொழி மருத்துவ நூலாரோ சிறுநீரின் இனிமையை நோக்கி 'மதுமேகம்' என்றனர்.

சொல்லாராய்ச்சி நிற்க. பெயரில் இல்லாத இழிவை நாம் நோயாளியின்மீது, அதிலும் பதின்பருவத்துப் பிள்ளையின்மீது, ஏற்றி வைத்திருக்கிறோம். அதுபற்றியே ஈண்டுக் கூற விழைகிறேன்.

பெரியவர்களுக்கு வரும் நீரிழிவு வேறு. இளம்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வரும் முதல்வகை நீரிழிவு வேறு. பின்னதில், உடலின் நோயெதிர்ப்பு ஆற்றலே திசைமாறிக் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களை அழித்துவிடுகிறது. மிட்டாய் தின்றதனால் வந்ததன்று. தாய் வளர்த்த குறையுமன்று. தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர், உண்டும் உடல் மெலிதல், களைப்பு ஆகியன அதன் அறிகுறிகள். பாகற்காயாலோ பொடிகளாலோ இதனைத் தீர்க்க இயலாது. இன்சுலினை நிறுத்தினால் சில நாள்களிலேயே உயிருக்கு ஊறு நேரலாம். 'ஊசி போட்டுப் பழகினால் விடாது' என்று அறிவுரை கூறும் உறவினர்கள் இதனை நன்கு மனங்கொள்ள வேண்டும்.

இன்சுலின் ஊசியை முதன்முதல் பெற்றவனும் ஒரு பதின்பருவச் சிறுவனே. கனடா நாட்டு டொரண்டோ நகரில் 1922 சனவரி 11 அன்று லியோனார்டு தாம்சன் என்பானுக்கு அது செலுத்தப்பட்டது. அக்காலத்தில் பட்டினியொன்றே மருத்துவமாக இருந்தமையால் அவன் எடை ஏறத்தாழ 29 கிலோவாகச் சுருங்கியிருந்தது. முதல் ஊசி பயன் தரவில்லை; மருந்தில் மாசு மிகுந்திருந்தது. காலிப் என்னும் வேதியியலார் அதனைத் தூய்மை செய்த பின்னர், சனவரி 23 முதல் போட்ட ஊசி அவனை மீட்டது. அவன் மேலும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். இம்மருந்தின் காப்புரிமை, அதற்குரியோர் ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொள்ள, டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு அளிக்கப்பட்டது. தமிழகத்தில் பேராசிரியர் ம. விசுவநாதன் 1948-இல் சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு கண்டார். 1954-இல் இராயபுரத்தில் தனி மருத்துவமனையும் நிறுவினார். தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. அரசு மருத்துவமனைகளில் இன்சுலின் விலையின்றிக் கிடைக்கிறது.

மருந்து கிடைத்துவிட்டால் எல்லாம் முடிந்ததா? அரூர்ப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து விடியற்காலையில் பேருந்து ஏறும் மாணவனை எண்ணிப் பாருங்கள். ஊசி போட்டாயிற்று; உண்ண நேரமில்லை; பேருந்தில் நின்றே பயணம். இரண்டாம் பாடவேளையில் கை நடுங்கும், வியர்க்கும், பார்வை மங்கும், பேச்சுக் குழறும். ஆசிரியர் அதனைச் சோம்பல் என்றோ திமிர் என்றோ கருதிவிடக் கூடும். உண்மையில் அவன் குருதிச் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கியிருக்கும். மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். நினைவிழந்தவர் வாயில் எதனையும் புகட்டலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லல் வேண்டும். அன்றியும், வளர்பருவத்துச் சுரப்புகள் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கும் இயல்பின. ஆதலின் முறையாக ஊசி போட்டும் அளவு ஏறக்கூடும். அதற்குப் பிள்ளையைக் கடிந்துகொள்வதில் நீதி இல்லை.

நம் மாவட்டத்தின் உணவாகிய இராகிக் களியைப் பற்றியும் ஒரு சொல். இராகி நல்ல உணவே. நாரும் சுண்ணாம்புச் சத்தும் மிக்கது. எனினும் அது மாவுச்சத்து அற்றதன்று. 100 கிராம் இராகியில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து உண்டு. அரிசியில் இதனினும் சிறிது கூடுதல், அவ்வளவே. களியென்றால் எத்தனை உருண்டையும் உண்ணலாம் என்பது நம்பிக்கையே அன்றி அறிவியல் அன்று.

குளிர்பெட்டி இல்லா வீடுகளில், புழங்கும் இன்சுலின் குப்பியை நீர் புகாமல் உறையிட்டு, ஈர மணல் சூழ்ந்த மண்பானைக்குள் வைக்கலாம். உறைந்துபோன மருந்து பயன்படாது. இன்னொன்றையும் அழுத்திக் கூற வேண்டும்: ஒரு மில்லியில் 40 அலகு உள்ள மருந்தும் உண்டு, 100 அலகு உள்ளதும் உண்டு. 100 அலகு மருந்தை 40-க்குரிய ஊசிக்குழலில் எடுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே செல்லும். கடையில் வாங்கும்போது இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தே வாங்குதல் வேண்டும்.

இரமலான் மாதத்தில் நம் பிள்ளைகள் சிலர் இந்நோயை மறைத்து நோன்பு நோற்க முயல்வர். நோயுற்றோர் வேறு நாள்களில் நோற்கலாம் என்னும் சலுகை மார்க்கத்திலேயே உள்ளது. நோற்கலாமா என்பதை மாதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். நோற்கும் வேளையில் அளவு 70-க்குக் கீழ் இறங்கினால் அக்கணமே நோன்பைத் துறத்தல் கடன்.

மறைத்தலில் மிகுந்த துன்பம் பெண்மக்களுக்கே. 'வெளியே தெரிந்தால் வரன் அமையாது' என்று வீட்டார் அஞ்சுவதால், கல்லூரிக் கழிவறையில் ஒளிந்து ஊசி போட்டுக்கொள்ளும் நிலை. சிலர் பகல் ஊசியையே விட்டுவிடுகின்றனர். மணத்துக்குப் பின் மறைப்பது இன்னும் கொடிது; மகப்பேற்றுக் காலத்தில் அளவு கட்டுக்குள் இல்லையேல் கருவுக்கே ஊறு. ஊர்ப் பெரியோர் பெண் பார்க்கும் பேச்சில் இதனை ஒரு குறையாக எடுக்காதிருந்தால், இப்பிள்ளைகள் ஓய்வறையில் எல்லார் முன்னும் ஊசி போட்டுக்கொள்வர்.

நடுவண் இடைநிலைக் கல்வி வாரியம் 2017 முதல் இத்தகைய மாணவர்கள் தேர்வறைக்குள் சர்க்கரை வில்லை, பழம், தண்ணீர் கொண்டுசெல்ல இசைவளித்துள்ளது. நம் கல்லூரித் தேர்வறையில் ஒரு மாணவியின் மேசைமீது வெல்லக்கட்டி இருந்தால், கண்காணிக்கும் ஆசிரியர் அதனைத் தொடாது அடுத்த வரிசைக்குச் செல்வாராக.