காத்து பிடிக்குதா, ஸ்பிரிங் பிடிக்குதா?

பொங்கல் லீவுக்கு சென்னையிலிருந்து விழுப்புரம் வந்திருந்தா உங்களுக்கே தெரியும். திண்டிவனம் தாண்டி பஸ் நல்லா போயிட்டு இருக்கும். விக்கிரவாண்டி டோல்கேட் நெருங்கினதும் வரிசை. பத்தடி நகரும், நிக்கும். திரும்ப பத்தடி. நாம ரீல்ஸ் பார்த்துட்டு இருப்போம். டிரைவர் அண்ணனோட வலது கால் மட்டும் பிரேக் பெடலை விட்டு எழவே எழாது.

ஹேண்ட் பிரேக் போட்டுட்டு காலை எடுக்கலாமேன்னு தோணும். ஆனா பெரிய வண்டியில அதை ஒவ்வொரு தடவை போடும்போதும் காத்து வெளியே போகும். எடுக்கும்போது திரும்ப நிரப்பணும். வரிசையில முப்பது தடவை இதைச் செய்ய யாருக்கு மனசு வரும்? அதுக்குத்தான் இப்போ சில லாரி, பஸ்கள்ல பிரேக் ஹோல்ட் வருது. பெடலை மிதிச்சு வண்டியை நிறுத்தி, காலை எடுத்தாலும் வண்டி நகராது. ஆக்சிலரேட்டரை மிதிச்சா தானா விட்டுடும்.

என் மாமா லாரி ஓட்டுறார். ஒரு நாள் திண்டிவனம் பக்கம் டீக்கடை ஓரமா நிறுத்தினார். ஹோல்ட் பிடிச்சிருந்தது, வண்டி ஆடாம நின்னது. கீயை ஆஃப் பண்ணிட்டு, கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வச்சார். வண்டி மெதுவா முன்னாடி உருள ஆரம்பிச்சிடுச்சு. கிளீனர் பம்பருக்கு முன்னாடி நடந்து போயிட்டு இருந்தார். மாமா பாய்ஞ்சு வந்து பெடலை மிதிச்சதுல கைக்கெட்டுற தூரத்துல நின்னுச்சு.

ஏன் உருண்டுச்சு? ஏர் பிரேக்ல டேங்க் காத்து சுமார் 8 பார், கார் டயர்ல இருக்கறதை விட மூணு மடங்குக்கு மேல. பெடலை மிதிச்சா அந்தக் காத்து பிரேக் சேம்பருக்குள்ள போய் டயாஃப்ரத்தைத் தள்ளும், பிரேக் பிடிக்கும். காலை எடுத்தா காத்து வெளியேறும், பிரேக் விடும். ஹோல்ட் செய்யறது ஒண்ணே ஒண்ணு: காத்து வெளியேற வழி விடாம ஒரு சோலனாய்டு வால்வு அடைச்சுக்கும். வால்வுக்கு கரண்ட் வேணும். கீ ஆஃப், கரண்ட் கட், காத்து போச்சு. (மாடலுக்கு மாடல் மாறும். சிலது அலாரம் அடிக்கும், சிலது தானே பார்க்கிங் பிரேக் போட்டுக்கும். உங்க வண்டி எதுன்னு மேனுவலைப் பாருங்க.)

ஹேண்ட் பிரேக் இதுக்கு நேர் தலைகீழ். அங்கே ஒரு கனமான ஸ்பிரிங் எப்பவும் பிரேக்கைப் பிடிக்கவே பார்க்கும். அதை அமுக்கி வச்சிருக்கறதுதான் காத்து. லிவரை இழுத்தா அந்தக் காத்து வெளியேறும், ஸ்பிரிங் விரியும், பிரேக் பிடிக்கும். ராத்திரி முழுக்க காத்து கசிஞ்சாலும் ஸ்பிரிங் விடாது.

"ரோடு சமமாத்தானே இருந்துச்சு"ன்னு மாமா சொன்னார். நான் கணக்கு போட்டுக் காட்டினேன். 3 சதவீத சரிவு கண்ணுக்கு சமமாத்தான் தெரியும். அதுல 16 டன் வண்டியைக் கீழே இழுக்கற விசை கிட்டத்தட்ட 480 கிலோ எடைக்குச் சமம். டயர் உராய்வைக் கழிச்சாலும் பத்து செகண்ட்ல சுமார் பத்து மீட்டர் உருளும். ஒரு பஸ் நீளம்!

இதே விஷயம் கனடாவுல ஒரு ஊரோட மையப் பகுதியையே எரிச்சிருக்கு. 2013 ஜூலை 6, லாக்-மெகாந்திக். கச்சா எண்ணெய் ஏத்தின ரயிலை சரிவுல நிறுத்தியிருந்தாங்க. போட்டிருந்த ஹேண்ட் பிரேக் போதாது; மீதியை எஞ்சினோட ஏர் பிரேக் தாங்கிட்டு இருந்தது. எஞ்சின்ல தீப்பிடிச்சதால அதை ஆஃப் பண்ணாங்க. கம்ப்ரஸர் நின்னது, காத்து கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சது, ரயில் தானா கிளம்பிடுச்சு. 47 பேர் செத்தாங்க.

மாமா இப்பவும் டோல்கேட் வரிசையில ஹோல்ட்தான் பயன்படுத்தறார், முட்டி வலி குறைஞ்சிருக்காம். ஆனா சீட்டை விட்டு எழறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரேக்கை இழுத்து, "புஸ்ஸ்"னு காத்து போற சத்தம் கேட்டாத்தான் கீ மேல கை வைப்பார். அடுத்த தடவை விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுல வண்டி வந்து நிக்கும்போது நீங்களும் காதைக் கொடுத்துக் கேளுங்க. அந்த சத்தம்தான் ஸ்பிரிங் விரியற சத்தம். கிளீனர் மட்டும் இன்னும் எங்களை நம்பல. இறங்கினதும் முதல் வேலையா டயருக்கு ஒரு கட்டை வச்சுட்டுத்தான் டீ குடிக்கப் போறார்.