தொண்டையில் ஒரு சிறு கட்டி

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்து, ரயில்வேயில் முப்பத்தைந்து ஆண்டுகள் தண்டவாளம் பார்த்தவன். ஆயினும் என் தொண்டைக்கு வந்த ஓர் அபூர்வ நோயைப் பற்றி நம் சங்க அன்பர்கள் தெரிந்துகொள்வது நல்லது என்று எழுதுகிறேன்.

காதடி, தாடையடி, நாக்கின் கீழ் என மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகளைப் பற்றிப் பள்ளியில் படித்தோம். இவை தவிர, உதடு முதல் தொண்டை வரை உள்தோலில் 600 முதல் 1000 சிறு சுரப்பிகள் உண்டு. காதடிச் சுரப்பியில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை சாதுவானவை. சிறு சுரப்பிக் கட்டிகளிலோ பாதிக்கு மேல் புற்று.

2013இல் எனக்கு உள்நாக்கின் பக்கத்தில் புளியங்கொட்டை அளவு கட்டி. வலி இல்லை, புண் இல்லை, தோல் வழவழப்பாகவே இருந்தது. புகையிலைப் பழக்கமும் கிடையாது. பல் கோளாறு என்று இரண்டு முறை மாத்திரை தந்தார்கள். ஆறு மாதம் போயிற்று. தண்டவாளமும் மேலே பளபளவென்று இருக்கும், உள்ளே விரிசல் ஓடும். அல்ட்ராசோனிக் கருவி வைத்தால்தான் தெரியும். பிறருக்கு இதைச் சொல்லிக்கொடுத்த எனக்கு என் வாய் விஷயத்தில் புத்தி வரவில்லை!

அண்ணத்தில் ஒரு பக்கம் மரத்துப்போன பிறகே பயாப்ஸி. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா என்றார்கள். அபூர்வ வகையாதலால் ஸ்லைடை இன்னொரு நிபுணரும் பார்த்தார். இந்தப் புற்று நரம்பைப் பற்றிக்கொண்டு ஊரும், மரத்துப்போனது அதனால்தான். எம்.ஆர்.ஐ. எடுத்து நரம்புப் பாதையை மண்டையோட்டின் அடிவரை ஆராய்ந்தார்கள், நுரையீரலுக்கு சி.டி. ஸ்கேன். 2014 தொடக்கத்தில் அறுவை சிகிச்சை, பிறகு ஆறு வாரம், 30 தவணை கதிர்வீச்சு. கீமோ இந்த வகைக்கு அவ்வளவாகப் பலிப்பதில்லையாம். வாய் வறண்டு, நாக்பூரில் இருந்துகொண்டு ஒரு ஆரஞ்சுச் சுளைகூடத் தின்ன முடியவில்லை, அப்படி எரிந்தது.

2019இல் ஐந்து ஆண்டு முடிந்ததும் வீட்டில் பாயசம் வைத்தார்கள். டாக்டர் மட்டும் சிரித்துவிட்டு அடுத்த ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். மெல்ல வளரும் நோய். பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் நுரையீரலில் தலைகாட்டக்கூடும் என்றார். அப்படியே 2023இல் இரண்டு சிறு புள்ளிகள் தெரிந்தன. அவை மெல்லவே வளர்வதால் இப்போதைக்கு மருந்து வேண்டாம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை படம் எடுத்து ஒப்பிடலாம் என்கிறார். பழைய படங்களை எல்லாம் தேதிவாரியாகக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அடுத்த ஸ்கேன் பொங்கல் கழித்து.