எண்ணலாமா, அளக்கலாமா?

ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எண்ணப்படுபவை, எண்ணப்படாதவை என இரண்டாகப் பிரிப்பர். முன்னது 'கவுண்டபிள்', பின்னது 'அன்கவுண்டபிள்'. "எண்ண முடிந்தால் கவுண்டபிள்" என்று மனப்பாடம் செய்துகொண்டு நம் மாணவியர் தேர்வுக்குப் போகிறார்கள். இவ்விதி பாதி வழிக்குத்தான் துணை வரும். பணத்தை எண்ணாதவர் யார்? ஆயினும் ஆங்கிலத்தில் 'மனி' எண்ணப்படாத சொல், எண்ணப்படுவது ரூபாய். (தமிழில் பணமே ஒரு நாணயத்தின் பெயராக இருந்தது. 1818-இல் ரூபாய் நிலைபெறும் வரை சென்னையில் 42 பணம் ஒரு வராகன்.)

ஆகவே, பொருளைப் பார்த்துப் பயனில்லை. ஆங்கிலம் அதைத் தனித்தனி உருப்படியாகக் கருதுகிறதா, ஒரே திரளாகக் கருதுகிறதா என்றே பார்க்க வேண்டும். ஆண்டவர் ஐயாயிரம் பேருக்கு உணவளித்த நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். தமிழில் ஐந்து அப்பம் என்று நேரே எண்ணிவிடுகிறோம். ஆங்கிலத்தில் 'பைவ் பிரெட்ஸ்' கிடையாது. 'பிரெட்' திரள், அதை எண்ண 'லோப்' என்ற வேறு சொல் வேண்டும். ஐந்தானால் 'லோவ்ஸ்'. கர்த்தர் கற்பித்த செபத்தை ஆங்கிலத்தில் சொல்லும்போது கவனியுங்கள்: 'பிரெட்' என்பதற்கு முன் 'எ' இல்லை, பின் 'எஸ்' இல்லை.

அரிசி, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றில் தொல்லையில்லை. மந்தைவெளிக் கடையில் அரிசியை யாரும் எண்ணிக் கேட்பதில்லை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற நம் பழைய நால்வகை அளவைகளில் இவை பின் மூன்றில் அடங்கிவிடும். எந்தப் படியாலும் அளக்க முடியாத சொற்களில்தான் கால் வழுக்குகிறது.

காரணம் நம் தமிழே. 'மாடு வந்தது', 'மாடு வந்தன' இரண்டும் சரி. நன்னூலார் இதைப் பால்பகா அஃறிணைப் பெயர் என்பார். 'பத்து மாம்பழம்' நமக்குக் குற்றமன்று. அப்பழக்கத்தில் 'டென் மேங்கோ' என்று எழுதுகிறோம். அதே கையோடு, தகவல்கள், அறிவுரைகள், சாமான்கள் என்பவற்றை 'இன்பர்மேஷன்ஸ்', 'அட்வைசஸ்', 'பர்னிச்சர்ஸ்' ஆக்கிவிடுகிறோம். வேண்டிய இடத்தில் 'எஸ்' இல்லை, வேண்டாத இடத்தில் உண்டு! அபிராமபுரத்திலிருந்து லஸ் வரை நடந்தால் கடைப் பலகைகளில் 'பர்னிச்சர்ஸ்' கண்ணில் படாமல் போகாது. பலகையில் இருந்தால் போகட்டும். வேலைக்கான விண்ணப்பத்தில் 'இன்பர்மேஷன்ஸ்' இருந்தால், படிப்பவர் அடுத்த வரிக்கு வேறு மனத்தோடுதான் போவார். 'எ பீஸ் ஆப் அட்வைஸ்', 'டூ பீசஸ் ஆப் பர்னிச்சர்' என்றே எழுதுக. 'நியூஸ்' என்பதன் கடைசி 'எஸ்' பன்மையன்று. 'தி நியூஸ் ஈஸ் குட்' என்பதே சரி.

ஒரே சொல் இரு பக்கமும் நிற்பதுண்டு. பின்னிய கூந்தல் முழுதும் 'ஹேர்'. சாம்பாரில் விழுந்த ஒற்றை முடி 'எ ஹேர்'. எழுதும் தாள் 'பேப்பர்'. வினாத்தாளும் செய்தித்தாளும் 'எ பேப்பர்'.

ஐயம் வந்தால் ஹார்ன்பி அகராதியைப் புரட்டுங்கள். சொல்லின் அருகே 'சி' என்றிருந்தால் எண்ணலாம். 'யு' என்றால் கூடாது. 'எக்ஸ்பீரியன்ஸ்' என்ற சொல்லுக்கு இரண்டும் உண்டு. பத்தாண்டு ஆசிரியப் பணியில் சேர்ந்த பட்டறிவு 'யு'. சுற்றுலாவில் மழையில் மாட்டிக்கொண்டது 'சி'.