எந்தத் தட்டில் உட்காருவது?

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மீனாவுக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். ஆனேக்கல் பக்கத்துப் பள்ளியில் முதல் மூன்று வகுப்பையும் ஒரே அறையில் வைத்து, பாட அட்டைகளைக் கொண்டு விளையாட்டாகக் கற்கும் நலி கலி முறையை நடத்துகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். பிள்ளைகள் குழுக்குழுவாக உட்காரும் ஐந்து தட்டுக்கும் ஓடிக் கால் வலிக்கிறது என்றாயாமே. ஓடாதே, உட்கார்.

எல்லாத் தட்டுக்கும் சமமாக நேரம் பிரிக்கவா இந்த முறையைக் கொண்டுவந்தார்கள்? புது எழுத்தும் புதுக் கணக்கும் டீச்சர் முழுத்துணை தரும் தட்டில்தான் தொடங்கும். அங்கே பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்துவிடு. அந்த நேரத்தில் மற்றவர்கள் உன்னைக் கூப்பிடாமல் வேலை செய்யப் பழக ஒரு மாதம் ஆகும். அதுவரை இரைச்சல்தான், பொறுத்துக்கொள்.

பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லித்தரும் தோழர் துணைத் தட்டில் கெட்டிக்காரப் பெண் ஒருத்தியையே தினமும் குட்டி டீச்சராக்கி விடாதே. அவள் படிப்பு நின்றுபோகும். போன வாரம் அதே அட்டையில் திணறி மீண்ட பையனைச் சொல்லித்தரச் சொல். எங்கே தடுக்கும் என்பது அவனுக்குத்தான் தெரியும்.

அட்டை பிள்ளைகளுக்குப் பிடிபடவில்லையா? நீயே ஒன்று எழுது. 1995இல் ஹெக்கடதேவன கோட்டை ஆசிரியர்கள் ஆந்திராவின் ரிஷிவேலிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, யுனிசெஃப் உதவியோடு தாங்களே எழுதிய அட்டைகளில்தான் நலி கலி தொடங்கியது. 2009-10இல்தான் கர்நாடகம் முழுக்க வந்தது. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் வந்த செயல்வழிக் கற்றலும் அதே ரிஷிவேலி வழிதான். மேலிருந்து வந்த அச்சு அட்டையைத் தொடக்கூடாது என்று பயப்படுகிறவர்களுக்கு இந்தக் கதை தெரியாது.

ஒன்றில் மட்டும் கறாராக இரு. பிள்ளை வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் சுவர் அட்டவணையில் அவன் பெயருக்கு நேரே கட்டம் நிரப்பாதே. அதிகாரி வருகிறார் என்றால் கை தானாக நிரப்பும், கவனம்.

"விளையாட்டுதானே நடக்குது, நோட்டில் ஒன்றுமில்லையே" என்று அப்பாமார் கேட்பார்கள். விளக்கம் சொல்லி நேரத்தை வீணாக்காதே. கேட்கிறவரின் பிள்ளையைக் கூப்பிட்டு, ஒரு அட்டையை அவர் எதிரிலேயே படிக்கச் சொல்.

நலி கலி மூன்றாம் வகுப்போடு முடிகிறது. நான்காம் வகுப்பில் பாடப்புத்தகமும் வரிசைப் பெஞ்சும்தான். அந்த வகுப்பு டீச்சரிடம் இப்போதே பேசிவை. அட்டைகளைப் படிப்படியாக அடுக்கிய கற்றல் ஏணியில் பாதியில் நிற்கிற பிள்ளைகள் யார் யார் என்று ஜூனுக்கு முன்பே அவர் கையில் ஒரு தாள் இருக்கட்டும்.

அன்புடன்,
பெரியம்மா