விண்மீன் வீரர்களும் வெஸ்டர்லேண்ட் மக்களும்

பலரும் புகழ்ந்துரைத்த படைப்பொன்றைக் கண்டு முடித்தபின் உள்ளத்தில் நிறைவின்மையே எஞ்சுவதுண்டு. அவ்விடத்துக் காண்பவரின் சுவையறிவைக் குறைகூறுவதும், படைப்பையே வெறுத்தொதுக்குவதும் ஆய்வு நெறியாகா. படைப்பு தானே எதனை வாக்களித்தது, அவ்வாக்கினை எந்த அளவிற்குக் காத்தது என்று நோக்குதலே முறையாம். அம்முறையில் ஜப்பானிய இயங்குபடத் தொடர் ஒன்றினை ஈண்டுக் காண்போம்.

யோஷிகி தனக்கா எழுதிய 'கிங்கா எய்யூ தென்செத்சு' என்னும் புதினம் 1982 முதல் 1987 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்தது. 'விண்மண்டல வீரர் தொல்கதை' எனத் தலைப்பைத் தமிழ்ப்படுத்தலாம். நொபுரு இஷிகுரோவின் இயக்கத்தில் 1988 முதல் 1997 வரை 110 பகுதிகளாக வீடியோ நாடாவில் வெளியான அனிமே வடிவமே உலகெங்கும் இதற்குப் புகழ் தேடித் தந்தது. விண்வெளிப் பெருங்கதைகளுள் தலைசிறந்தது இதுவே என்று சொல்வார் இன்றும் உளர். அப்புகழுரையை முன்னரே கேட்டுவிட்டுத்தான் நாமும் இதனைக் காணத் தொடங்கினோம்.

கதையின் அடிப்படை எளிது. ஒருபுறம் பரம்பரை ஆட்சி நடத்தும் விண்மண்டலப் பேரரசு. மறுபுறம் குடியாட்சியைப் போற்றும் கோள்களின் கூட்டமைப்பு. பேரரசில் தோன்றும் ராய்ன்ஹார்ட், அழுகிப்போன பிரபுக்களை வீழ்த்தித் தானே பேரரசனாகிறான். கூட்டமைப்பின் படைத்தலைவனான யாங் வென்லியோ போரை வெறுப்பவன். கட்டணமின்றி வரலாறு பயிலலாம் என்ற ஒரே காரணத்தால் படைக்கல்லூரியில் சேர்ந்தவன்! திறமைமிக்க சர்வாதிகாரம் நன்றா, சீரழிந்த குடியாட்சி நன்றா என்னும் வினா தொடர் முழுவதும் ஓடுகின்றது. வரலாற்றாசிரியரின் குரலிலேயே கதை சொல்லப்படுகின்றது. மேலைநாட்டுச் செவ்வியல் இசை பின்னே ஒலிக்க, மாந்தர் அமர்ந்து நெடுநேரம் உரையாடுகின்றனர். வாரந்தோறும் தொலைக்காட்சியில் விறுவிறுப்புக் காட்ட வேண்டிய கட்டாயம் இன்மையால் கிடைத்த நிதானம் இது. இந்நிதானத்தை நாம் பெரிதும் மதிக்கின்றோம்.

ஆயின் ஏமாற்றம் எங்கிருந்து தோன்றுகின்றது? சிலர் போர்க்காட்சிகளைச் சுட்டுவர். எத்திசையிலும் திரும்பவல்ல விண்வெளியில் கப்பல்கள் தரைப்படைபோல் அணிவகுத்து நிற்கின்றன. துப்பாக்கி வெடித்தால் தீப்பற்றும் துகள்களைக் காற்றில் பரப்பிவிட்டு, வீரர்கள் கோடரி ஏந்திப் பொருதுகின்றனர். இவை கதைமரபுகள், பொறுத்துக்கொள்ளலாம். நாயகரின் மேதைமை விளங்க வேண்டும் என்பதற்காகவே எதிரிகள் பலர் மடையராக்கப்பட்டிருப்பது சற்றே பெரிய குறை. இவற்றையும் நாம் முதன்மையாகக் கொள்ளவில்லை. வரலாறு கூறுவதாக வாக்களித்த தொடரில், வரலாற்றின் சுமையைத் தாங்கிய மக்கள் உரிய இடம் பெறவில்லை என்பதே நம் குறைபாடு.

முதலில் ஒரு நற்சான்று. தொடரின் தொடக்கத்தில் நிகழும் அஸ்டார்ட்டே போரில், மும்மடங்காகப் பிரிந்து வந்த 40,000 கப்பல்களை 20,000 கப்பல்களைக் கொண்டு தனித்தனியே முறியடிக்கிறான் ராய்ன்ஹார்ட். அதில் யாங்கின் நண்பன் லாப் மடிகிறான். நினைவுக் கூட்டத்தில் பாதுகாப்பு அமைச்சர் ட்ரூனிக்ட் வீரமரணத்தைப் போற்றி முழங்க, அரங்கமே எழுந்து ஆரவாரிக்கின்றது. லாப்பை மணக்கவிருந்த ஜெசிக்கா எட்வர்ட்ஸ் எழுந்து முன்னே வருகிறாள். என்னவர் உயிரைக் கொடுத்தார். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், உங்கள் குடும்பத்தார் எங்கே இருக்கிறார்கள் என்று அமைச்சரை நேர்நின்று வினவுகிறாள். தும்பையையும் வாகையையும் அடுத்துக் காஞ்சியை வைத்து, கணவனை இழந்தாளின் துயரையும் புறத்திணைக்குள்ளேயே அடக்கிய தொல்காப்பியத்தைப் பயிலும் மாணவர்க்கு இக்காட்சியின் தகுதியை விளக்க வேண்டுவதில்லை. போர் என்னும் பொருளின் மறுபாதி அங்கே வாய்திறக்கின்றது.

அவ்வாய் நெடுநாள் திறந்திருக்கவில்லை. மக்கள் பிரதிநிதியாக உயரும் ஜெசிக்கா, படைத்துறைப் புரட்சியின்போது விளையாட்டரங்கில் கூடிய மக்களுடன் கொல்லப்படுகிறாள். இன்னும் எண்பதுக்கும் மேற்பட்ட பகுதிகள் எஞ்சியிருக்கின்றன. அவள் இடத்தை நிரப்பும் குடிமகளோ குடிமகனோ அவற்றுள் எழவில்லை. குடியாட்சியைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் படைத்தலைவர்களே. குடிகளோ வாக்களித்து ஏமாறும் கூட்டமாகவோ, இறந்தோர் தொகையாகவோ நிற்கின்றனர். பேரரசின் மீது மூன்று கோடிப் பேர் படையெடுத்துச் சென்று, இரண்டு கோடிப் பேரை இழந்து மீள்கின்றனர். அப்படையைப் பட்டினியில் சிக்கவைக்க, எல்லைக் கோள்களின் உணவையெல்லாம் ராய்ன்ஹார்ட் முன்னரே அகற்றிவிடுகிறான். தன் சொந்தக் குடிகளின் பசியே அவனுக்குத் தூண்டிலாகின்றது. தொடரோ அதனைத் திறமான போர்முறை என்ற அளவில் கூறி விரைந்து கடந்துவிடுகின்றது.

இடையில் ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. இக்கதையில் சமயம் என்பது பூமியை வழிபடும் ஒரு சதிக்கூட்டமாக மட்டுமே வருகின்றது. எளிய யாத்திரிகர்கள் உணவில் போதைப்பொருள் கலந்து அடிமையாக்கப்படுகின்றனர். யாங்கின் உயிரைக் கவர்வதும் அக்கூட்டத்தாரே. இறைநம்பிக்கையைப் போர்வையாக்கிக் கொள்வோர் எக்காலத்தும் உண்டு. அதனைக் காட்டுவதில் பிழையில்லை. ஆனால் அரசனின் அநீதிக்கு முன் ஓர் எளியவனை நிமிர்ந்து நிற்கச் செய்ததும் அந்நம்பிக்கைதான் என்பதை, மனிதகுல வரலாறு முழுவதையும் நிறுக்க முனையும் ஒரு படைப்பு அறிந்திருக்க வேண்டாவா?

இனி வெஸ்டர்லேண்டுக்கு வருவோம். பிரபுக்களின் தலைவனான பிரவுன்ஷ்வைக்கின் உறவினனை அக்கோளின் மக்கள் கிளர்ந்தெழுந்து கொன்றுவிடுகின்றனர். அவன் சினந்து அணுகுண்டுகளை வீசி 20 இலட்சம் பேரை அழிக்கிறான். அத்தாக்குதல் நிகழப்போவதை ராய்ன்ஹார்டின் தரப்பு முன்கூட்டியே அறியும். தடுக்க வேண்டா, அக்கொடுமையைப் படம்பிடித்து ஒளிபரப்பினால் பிரபுக்களுக்கு எதிராக நாடே திரும்பும் என்கிறான் ஆலோசகன் ஓபர்ஷ்டைன். அவ்வண்ணமே நடக்கின்றது. கதையிலேயே மிகக் கூரிய அறவினா இதுதான்: போரை விரைந்து முடித்துப் பலரைக் காப்பதற்காகச் சிலரைச் சாகவிடலாமா?

வினாவைத் தொடுத்த தொடர் விடையைத் தேடும் இடத்தைப் பாருங்கள். இதனை அறிந்த இளமை நண்பன் கிர்ஹைஸ் ராய்ன்ஹார்டை இடித்துரைக்கிறான், நட்பு முறிகின்றது, தலைவன் முன் படைக்கலம் தாங்கும் தனியுரிமையை அவன் இழக்கிறான். அதனால் வெற்றி விழாவில் வெறுங்கையுடன் நின்று, ராய்ன்ஹார்டைக் கொல்ல வந்தவனைத் தடுத்து உயிர்விடுகிறான். 26ஆம் பகுதியில் நிகழும் இம்மரணத்தைக் கண்டு கண்கலங்காதார் இலர், நாமும் கலங்கினோம். கலங்கிய பின்னரே உறுத்தியது. இருபது இலட்சம் மரணங்களின் துயரம் ஒரு நட்பின் துயரமாகச் சுருங்கிவிட்டது. நாம் அழுதது கிர்ஹைசுக்காக மட்டுமே.

கதையின் பிற்பகுதியில் வெஸ்டர்லேண்டைச் சேர்ந்த ஒருவன் வருகிறான். மனைவியையும் குழந்தையையும் அங்கே இழந்தவன். பேரரசனாகிவிட்ட ராய்ன்ஹார்டைக் கொல்ல முயன்று பிடிபட்டு, அவன் முகத்துக்கு நேராகவே அக்குற்றத்தைச் சாற்றுகிறான். பேரரசனால் மறுமொழி கூற இயலவில்லை. ஜெசிக்காவுக்குப் பின் இத்தனை பகுதிகளாக நாம் காத்திருந்த குரல் இது. அன்றிரவு நிலைகுலைந்து மதுவருந்தும் ராய்ன்ஹார்டுக்கு ஆறுதலாக உடனிருக்கிறாள் ஹில்டா. மறுநாள் காலை அவன் மலர்க்கொத்துடன் அவள் இல்லம் சென்று மணம் பேசுகிறான். கதை பேரரசனின் திருமணத்தையும் வாரிசையும் நோக்கி நகர்ந்துவிடுகின்றது.