கல்விக் கடனும் கிராம ஊழியரும்

காவிரிக் கரையில் மயிலாடுதுறைக்கு மேற்கே அமைந்துள்ள குத்தாலம் வட்டாரம் நெல் விளையும் பூமி. குறுவையும் சம்பாவும் தாளடியும் நம் குடும்பங்களுக்குச் சோறிடுகின்றன. பிள்ளைகளின் படிப்புச் செலவும் பெரும்பாலும் அந்த வரவிலிருந்தே நடைபெறுகிறது. முற்காலத்தில் நகையை அடகு வைத்தோ, நிலத்தை ஒத்தி வைத்தோ பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். இன்று வங்கிகள் கல்விக் கடன் வழங்குகின்றன. இது நல்ல மாறுதலே. எனினும் கடன் வாங்கும் முறையை அறிந்த அளவுக்கு, அதைத் திருப்பிச் செலுத்தும் முறையையும் அதற்குக் கிடைக்கும் உதவிகளையும் நம் மக்கள் அறிந்திலர்.

அண்மையில் குத்தகை விவசாயி ஒருவர் வங்கிக் கடிதம் ஒன்றுடன் நம் அலுவலகத்திற்கு வந்தார். அவருடைய மகள் கடன் பெற்றுச் செவிலியர் படிப்பை முடித்தவள். பக்கத்து ஊர் மருத்துவமனை ஒன்றில் குறைந்த ஊதியத்தில் பணியாற்றுகிறாள். கடனில் தந்தையும் கூட்டுக் கடனாளி. தவணை நிலுவையில் நின்றமையால், அவர் பயிர்க் கடன் கேட்டபோது தடை எழுந்தது. "வாங்கிய பணத்தைக் கட்ட மாட்டேன் என்று சொல்லவில்லை, ஐயா. வட்டி எப்படி இவ்வளவு ஏறிற்று என்பதுதான் விளங்கவில்லை" என்றார் அவர். ஏடுகளைப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. மைய அரசின் வட்டி மானியத்திற்கு அவர் தகுதியுடையவர். ஆனால் உரிய காலத்தில் வருமானச் சான்று கொடுக்குமாறு அவருக்கு எவரும் எடுத்துச் சொல்லவில்லை. மகளோ, ஊரருகே இருந்தால் தவணை கட்ட இயலாது எனக் கருதி, வெளியூர் செல்ல எண்ணிக் கொண்டிருந்தாள். அவள் சென்றால் இழப்பு அக்குடும்பத்திற்கு மட்டுமன்று. அவளிடம் மருந்து வாங்கும் ஊராருக்கும் உண்டு.

சேவைக்கு ஈடாகக் கழிவு

ஆசிரியர், செவிலியர், சமூக நல ஊழியர் ஆகியோர் பெறும் ஊதியம் சிறிது. அவர்களால் விளையும் பயன் பெரிது. ஆதலின் அவர்களுடைய கல்விக் கடனில் ஒரு பகுதியைச் சமுதாயமே ஏற்றல் முறை என்னும் கருத்து பல நாடுகளில் நிலவுகிறது. அமெரிக்காவில் 1958-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றன்படி, கடன் பெற்றுப் படித்துப் பொதுப் பள்ளியில் ஆசிரியரானோருக்கு ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம், பாதிக் கடன் வரை தள்ளுபடி செய்யப்பட்டது. 2007-இல் அந்நாடு இயற்றிய மற்றொரு சட்டம், அரசுப் பணியிலும் இலாப நோக்கற்ற நிறுவனங்களின் பணியிலும் இருந்து 120 மாதத் தவணைகளைச் செலுத்தியவரின் எஞ்சிய கடனை நீக்க வழி செய்தது.

இக்கருத்து நம் நாட்டுக்கும் புதியதன்று. 1963-இல் மைய அரசு தேசியக் கடன் உதவித்தொகைத் திட்டத்தைத் தொடங்கிற்று. வறிய குடும்பத்தைச் சேர்ந்த தகுதியுள்ள மாணவருக்கு வட்டியின்றிக் கடன் தரப்பட்டது. படித்து முடித்து ஆசிரியப் பணியில் சேர்ந்தவருக்கு, அவர் பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் கடனில் பத்தில் ஒரு பங்கு கழிக்கப்பட்டது. பத்தாண்டு பாடம் சொல்லிக் கொடுத்தவர் கடனிலிருந்து முற்றும் விடுபடலாம். உயரிய ஏற்பாடு அது. ஆயினும் மற்றையோரிடமிருந்து வரவேண்டிய பணம் சரிவர வசூலாகவில்லை. 1990-களின் தொடக்கத்தில் திட்டமும் நின்றது. தலைமடையில் நீர் திறந்தால் மட்டும் போதாது; வாய்க்காலைத் தூர்வாரி வைத்தால்தான் கடைமடைக்கு நீர் செல்லும். கொடுத்தவர் கொடுத்த கணக்கையும் பெற்றவர் பெற்ற கணக்கையும் செம்மையாக வைத்திராவிடில் எந்த உதவியும் நெடுநாள் நிலைப்பதில்லை. அத்திட்டம் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இது.

இன்று உள்ள உதவி

பணிக்கு ஈடாகக் கடனைக் கழிக்கும் அத்தகைய பொது ஏற்பாடு இன்று நம்மிடம் இல்லை. உள்ளது வட்டி மானியமே. 2009-10 கல்வியாண்டு முதல் நடைமுறைக்கு வந்த மைய அரசுத் திட்டத்தின்படி, பெற்றோரின் ஆண்டு வருமானம் ரூ.4.5 இலட்சத்திற்கு மேற்படாத மாணவருக்குப் படிப்புக் காலத்திற்கும் அதன்பின் ஓராண்டிற்கும் உரிய வட்டியை அரசே செலுத்தும். தொழில் சார்ந்த படிப்புகளுக்கும் தொழில்நுட்பப் படிப்புகளுக்குமே இது பொருந்தும். செவிலியர் கல்லூரியாயின் அதற்குச் செவிலியர் மன்றத்தின் ஒப்புதல் இருத்தல் வேண்டும். ஒருவர் ஒரு முறையே இதனைப் பெறலாம். படிப்பை இடையில் கைவிட்டவருக்கு, நோய் காரணமாக அன்றி, மானியம் இல்லை.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிரதம மந்திரி வித்யாலட்சுமி திட்டம், தேர்ந்தெடுத்த உயர்தரக் கல்லூரிகளில் சேர்வோருக்கு ஈடும் பிணையும் இன்றிக் கடன் பெற வழி செய்கிறது. குடும்ப வருமானம் ரூ.8 இலட்சம் வரை உள்ளோருக்கு, ரூ.10 இலட்சம் வரையுள்ள கடனுக்கு, மேற்சொன்ன சலுகைக் காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் இதில் உண்டு.

ஒரு கணக்கு

நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு ரூ.75,000 வீதம் ரூ.3 இலட்சம் கடன் பெற்றதாகக் கொள்வோம். வட்டி 10 சதவீதம். படிப்புக் காலமும் அடுத்த ஓராண்டும் சேர்த்துத் தனிவட்டி ரூ.37,500, ரூ.30,000, ரூ.22,500, ரூ.15,000 என ரூ.1,05,000 ஆகும். மானியம் பெறாதவர் ரூ.4,05,000 கடனோடு தவணையைத் தொடங்குகிறார். மானியம் பெற்றவர் ரூ.3,00,000 கடனோடு தொடங்குகிறார். பத்தாண்டுத் தவணையில் முன்னவர் மாதம் ஏறத்தாழ ரூ.5,350 கட்ட வேண்டும், பின்னவர் ரூ.3,965 கட்டினால் போதும். ஒரு வருமானச் சான்று மாதம் ரூ.1,385 மிச்சப்படுத்துகிறது.

தவணையைப் பதினைந்து ஆண்டாக நீட்டினால் மானியம் பெற்றவரின் மாதத் தொகை ரூ.3,225 ஆகக் குறையும். ஆனால் மொத்தத்தில் அவர் ஒரு இலட்ச ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலுத்த நேரும். ஆகவே இயலாதவர் மட்டுமே நீண்ட தவணையை நாட வேண்டும்.

பஞ்சாயத்து செய்யத் தக்கவை

பஞ்சாயத்து நிதி தனியொருவர் கடனை அடைப்பதற்கன்று. ஆயினும் பணச் செலவின்றிச் செய்யத் தக்கவை பல உள.

1. கல்லூரிச் சேர்க்கைக்கு முன்பே, கடன் பெறவுள்ள மாணவரின் பெயர்ப் பட்டியலைத் தயாரித்து, அவர்கள் இ-சேவை மையம் வழியே வருமானச் சான்று பெற உதவுதல்.

2. சான்றை வங்கியில் கொடுத்தபின் ஒப்புதல் சீட்டுப் பெறவும், மானியம் கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என ஆண்டுதோறும் பார்க்கவும் பெற்றோருக்கு அறிவுறுத்துதல்.

3. வேலையின்மையாலோ குறைந்த ஊதியத்தாலோ தவணை கட்ட இயலாதவர் வங்கிக்கு அஞ்சி ஒளியாமல், நிலுவை சேருமுன்பே எழுத்து மூலம் அவகாசம் கேட்கச் செய்தல். வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் இதற்கு இடமுண்டு.

4. முறையீட்டுக்கு வங்கி 30 நாளில் பதில் தராவிடில், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதத் துணை செய்தல்.

5. கிராமங்களில் பணிபுரியும் செவிலியருக்கும் ஆசிரியருக்கும் பழைய திட்டத்தைப் போல ஆண்டுதோறும் கடன் கழிவு அளிப்பது பற்றிக் கிராம சபையில் விவாதித்து, விரும்பினால் தீர்மானமாக அரசுக்கு அனுப்புதல்.

முற்கூறிய விவசாயிக்கு வங்கி தவணைத் தொகையைக் குறைத்து, காலத்தை நீட்டித்துத் தந்தது. கடந்துபோன மானியம் திரும்பவில்லை. மகள் இப்போதைக்கு ஊரருகிலேயே பணியாற்றுகிறாள். விதைக்கும் பருவம் தவறினால் பின்னர் எவ்வளவு உரமிட்டும் பயனில்லை என்பதை நம் விவசாயிகளுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. கல்விக் கடனுக்கும் பருவம் உண்டு. அது சேர்க்கை நாளிலேயே தொடங்குகிறது. அப்பருவத்தில் பஞ்சாயத்து விழித்திருந்தால், படித்த பிள்ளைகளின் சேவை நம் ஊருக்கே கிட்டும்.